காலி லாரிக்கும் டோல்கேட் உண்டு!

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே. சரி சார்... லோடு இல்லாத லாரி? கடனிலே!

கோடியக்கரை போகும் வழியில் அகஸ்தியம்பள்ளி. 1930-ல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்தே வந்து உப்பு அள்ளிய வேதாரண்யம் வட்டாரம். வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல்கள். உப்பு விலை மலிவு, எடை ஜாஸ்தி. அதனால் லாரி வாடகைதான் வியாபாரத்தையே தீர்மானிக்கிறது.

போவது சுலபம். திரும்புவதில்தான் வம்பு!

ஒரு கணக்குப் போடுவோம். போக வர செலவு 20,000 ரூபாய் என்று வையுங்கள். காலியாகத் திரும்பினால் அத்தனையும் உப்பின் தலையில். ரிட்டன் லோடில் 8,000 கிடைத்தால், உப்புக்கு 12,000 தான். காலி வண்டிக்கு டீசல் கொஞ்சம் குறையும். டோல்கேட்டும் டிரைவர் பேட்டாவும் குறையுமா? ஊஹூம்!

ஒற்றை லாரிக்காரர் புக்கிங் ஆபீஸ் வாசலில் நாள்கணக்கில் காத்திருப்பார். காத்திருந்தாலும் வண்டிக் கடனுக்குத் தவணை நிற்காது. நாலு பேர் கைகோத்தால், யார் வண்டி எங்கே நிற்கிறது, எங்கே சரக்கு இருக்கிறது என்று ஒரு போனில் தெரிந்துவிடும். இரண்டு அரை லோடை ஒரே வண்டியில் ஏற்றலாம்.

அப்புறம் ஏன் சேர்வதில்லை? ‘நம்ம பார்ட்டியை அவன் கொத்திக்கிட்டுப் போயிட்டா?’ என்ற பயம்தான். பார்ட்டி யாருடையது, சரக்கு கெட்டால் யார் பொறுப்பு, உப்பு இறக்கிய வண்டியைக் கழுவிக் காயவைக்கும் செலவு யாருக்கு... முதலிலேயே எழுதிக்கொண்டால் பாதிச் சண்டை தீர்ந்தது.

முகம் தெரியாதவரோடு இடித்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் நாம் ஆபீஸ் போகவில்லையா? மூட்டைகளுக்கு மட்டும் என்ன கௌரவம்!