நடைபழகும் குழந்தையுடன் உல்லாசக் கப்பலில்: கரையிலேயே நின்றுவிடும் பாதுகாப்புகள்

கனடாவின் ரொறன்ரோ நகர மையத்துக்குச் சற்று வடகிழக்கே அமைந்திருக்கிறது சென் ஜேம்ஸ் ரவுண். பெரும்பாலும் 1960களில் எழுந்த பத்தொன்பது உயர்மாடிக் கட்டடங்களைக் கொண்ட இப்பகுதி, அந்நாட்டில் மக்கள் மிக நெருக்கமாக வாழும் இடங்களில் ஒன்று. 1983ஆம் ஆண்டு வன்செயல்களுக்குப் பின்னர் இலங்கையிலிருந்து வெளியேறிய தமிழர்கள் பலருக்கு, கனடாவில் இதுவே முதல் முகவரியாக இருந்தது. பின்னாட்களில் பலர் ஸ்காபரோ, மார்க்கம் என்று நகர்ந்துவிட்டபோதிலும், தமிழ்க் குடும்பங்கள் இன்றும் இங்கே வாழ்கின்றன.

நீண்ட குளிர்காலத்தின் நடுவே ஒரு வாரம் கரீபியன் கடலில் உல்லாசக் கப்பலில் சென்றுவருவது, இத்தகைய குடும்பங்களுக்கு இப்போது எட்டாத கனவு அல்ல. ஓர் அறையில் இருவர் முழுக் கட்டணம் செலுத்தினால், மூன்றாவது, நான்காவது ஆளுக்குக் கட்டணம் பொதுவாகக் குறைவு. உணவு, உறைவிடம், பொழுதுபோக்கு எல்லாம் ஒரே விலைக்குள் அடங்கிவிடுகின்றன. சமையலில் இருந்து தாய்க்கு ஓய்வு. பேரப்பிள்ளையுடன் இருப்பதற்கு அம்மம்மாவுக்கும் அம்மப்பாவுக்கும் வாய்ப்பு. ஒன்றரை வயதுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு விடுதி விடுதியாக அலைவதைக் காட்டிலும் இது எளிது என்று பெற்றோர் எண்ணுவதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் விளம்பரங்களில் இடம்பெறாத ஒரு விடயமும் உண்டு. கப்பல் துறைமுகத்தை விட்டு நீங்கும்போது, ஒன்ராறியோ மாகாணத்தின் மருத்துவக் காப்புறுதி, ரொறன்ரோ நகரசபையின் கட்டட விதிகள், கனடிய நீதிமன்றங்கள் ஆகிய பாதுகாப்புகள் பெருமளவில் கரையிலேயே நின்றுவிடுகின்றன. பயணிகளில் மிகச் சிறியவரையே இது மிக அதிகமாகப் பாதிக்கிறது.

கப்பல் என்ற சொல்

கனடியத் தமிழர்களின் நினைவில் கப்பல் என்பது நெடுங்காலம் உல்லாசத்தைக் குறித்த சொல் அல்ல. 1986 ஆகஸ்ட் மாதத்தில், நியூபவுண்ட்லாந்து கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்த 155 தமிழர்களை உள்ளூர் மீனவர்கள் கண்டு காப்பாற்றினர். 2010 ஆகஸ்ட் மாதத்தில் எம்.வி. சன் சீ என்ற சரக்குக் கப்பல் 492 பேருடன் பிரிட்டிஷ் கொலம்பியா கரையை அடைந்தது. அதில் சிறார்களும் இருந்தனர். தாய்மார்களும் பிள்ளைகளும் முதலில் தங்கவைக்கப்பட்டது ஒரு தடுப்புநிலையத்தில்தான்.

எனவே, உல்லாசக் கப்பல் என்றதும் வீட்டில் மூத்தவர்கள் சிலர் தயங்கினால் அதற்குக் காரணம் தேடவேண்டியதில்லை. இருந்தும் காலம் மாறியிருக்கிறது. 2023 ஜூன் மாதத்தில் சென்னையிலிருந்து புறப்பட்ட எம்பிரஸ் என்ற சுற்றுலாக் கப்பல், ஹம்பாந்தோட்டை, திருகோணமலை ஆகிய துறைமுகங்களுடன் காங்கேசன்துறைக்கும் சென்றது.

ஒரே அறை, மூன்று வகை ஆவணங்கள்

சென் ஜேம்ஸ் ரவுணில் வசிக்கும் ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்க்கலாம். குழந்தை ரொறன்ரோவில் பிறந்தது. ஆகவே பிறப்பால் கனடியப் பிரஜை. தந்தை நிரந்தர வதிவிட உரிமை பெற்றவர். கையில் இருப்பதோ இலங்கைக் கடவுச்சீட்டு. அம்மம்மா யாழ்ப்பாணத்திலிருந்து சுப்பர் விசாவில் வந்து தங்கியிருக்கிறார். ஒரே அறையில் உறங்கப்போகும் இவர்கள் மூவரும் குடிவரவு அதிகாரியின் முன்னால் மூன்று வேறு வகைப் பயணிகள்.

ரொறன்ரோவாசிகளுக்குக் கப்பற் சுற்றுலா என்பது பெரும்பாலும் புளோரிடாவுக்கு விமானத்தில் சென்று, மயாமியிலோ அதன் அண்மைத் துறைமுகங்களிலோ கப்பல் ஏறுவதாகும். பதினாறு வயதுக்குட்பட்ட கனடியப் பிள்ளை தரைவழியாகவோ கடல்வழியாகவோ அமெரிக்காவுக்குள் செல்வதற்குப் பிறப்புச் சான்றிதழ் போதும் என்று ஒரு விதி உண்டு. இதை அரைகுறையாகக் கேள்விப்பட்டு, குழந்தைக்குக் கடவுச்சீட்டு எடுக்காமல் இருந்துவிடுவோர் இருக்கிறார்கள். விமானத்தில் செல்லும்போது இந்தச் சலுகை கிடையாது. தாயின் மடியில் அமர்ந்து செல்லும் குழந்தைக்கும் தனிக் கடவுச்சீட்டு வேண்டும். கனடாவில் பிள்ளைகளுக்கான கடவுச்சீட்டு ஐந்தாண்டுகளுக்குச் செல்லுபடியாகும்.

உண்மையான சிக்கல் பெரியவர்களுக்கே. கனடாவில் நிரந்தர வதிவிட உரிமை இருப்பதனால் இலங்கை, இந்தியப் பிரஜை ஒருவர் விசா இல்லாமல் அமெரிக்காவுக்குள் நுழைந்துவிட முடியாது. கப்பல் வெளிநாட்டுத் தீவுகளுக்குச் சென்று மீண்டும் அமெரிக்கத் துறைமுகத்துக்கே திரும்புவதால், ஒரு தடவை மட்டும் நுழைய அனுமதிக்கும் விசாவும் போதாது. வன்கூவரிலிருந்து அலாஸ்காவுக்குச் செல்லும் கப்பலுக்கும் இது பொருந்தும். கனடாவில் ஏறினாலும் இறங்கும் இடம் அமெரிக்கா. அகதிகளுக்கான பயண ஆவணத்தை வைத்திருப்பவர்கள், கப்பல் தரித்துச் செல்லும் ஒவ்வொரு நாடும் அந்த ஆவணத்தை ஏற்கிறதா என்பதைத் தனித்தனியே உறுதிசெய்துகொள்ள வேண்டும். கரையில் இறங்காமல் கப்பலிலேயே இருந்துவிடுவேன் என்று சொல்வது பல சந்தர்ப்பங்களில் ஏற்றுக்கொள்ளப்படுவதில்லை. ஆவணம் போதாதவரை ஏற்ற மறுக்கும் கப்பல் நிறுவனம் பணத்தையும் பொதுவாகத் திருப்பித் தருவதில்லை. விமானத்தில் கனடாவுக்குத் திரும்புவதற்கு நிரந்தர வதிவிட அட்டையும் காலாவதியாகாமல் இருக்கவேண்டும்.

தாயும் தந்தையும் சேர்ந்து பயணம் செய்யாவிட்டால், மற்றவரின் கையொப்பமிட்ட சம்மதக் கடிதத்தை எடுத்துச் செல்லுமாறு கனடிய அரசு பரிந்துரைக்கிறது. அம்மம்மாவும் அம்மப்பாவும் மட்டும் பிள்ளையை அழைத்துச் செல்வதாயின் இரு பெற்றோரின் கடிதமும் தேவைப்படும்.

ஆறு மாதம் என்ற எல்லை

பெரும்பாலான பெரிய நிறுவனங்கள், பயணம் தொடங்கும் நாளில் குழந்தைக்குக் குறைந்தது ஆறு மாதம் நிறைந்திருக்கவேண்டும் என்கின்றன. அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடப்பது போன்று, தொடர்ந்து பல நாட்கள் கரை காணாத பயணங்களுக்கு இந்த எல்லை பன்னிரண்டு மாதம். கருவுற்ற தாய்மாருக்கும் வரையறை உண்டு. பயணம் முடிவதற்குள் 24ஆவது வாரத்தை எட்டிவிடுபவர்கள் பொதுவாக ஏற்றுக்கொள்ளப்படுவதில்லை.

இந்த எல்லைகளுக்குப் பின்னால் இருப்பது ஒரு மருத்துவ உண்மை. கப்பலில் மருத்துவரும் தாதியரும் இருப்பார்கள். நோயாளியின் நிலைமையைச் சீராக்கி, அடுத்த துறைமுகம் வரை காப்பாற்றிக் கொண்டுசெல்வதே அவர்களின் முதன்மைப் பணி. குழந்தை மருத்துவ நிபுணர் ஒருவர் இருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. சென் ஜேம்ஸ் ரவுணில் நள்ளிரவில் குழந்தைக்கு மூச்சுத்திணறல் ஏற்பட்டால், யூனிவர்சிற்றி அவெனியூவில் உள்ள சிக் கிட்ஸ் மருத்துவமனை சில நிமிடத் தொலைவில் இருக்கிறது. கடல் நடுவே அந்தத் தொலைவு மணிக்கணக்கிலோ ஒரு முழு நாளாகவோ ஆகலாம்.

அதற்கான செலவு யாருடையது? மாகாண மருத்துவக் காப்புறுதியான ஓஹிப், வெளிநாட்டில் ஏற்படும் அவசர மருத்துவமனைச் செலவுக்கு நாளொன்றுக்கு அதிகபட்சம் 400 டொலர்தான் வழங்குகிறது. மருத்துவமனையில் அனுமதிக்கப்படாத வெளிநோயாளர் சிகிச்சைக்கு அது 50 டொலர். அமெரிக்க மருத்துவமனையின் ஒரு நாள் கட்டணத்துக்கு முன்னால் இவை பொருட்படுத்தக்கூடிய தொகைகள் அல்ல. கப்பலில் பெறும் சிகிச்சையின் கட்டணம் உடனடியாக அறைக் கணக்கில் சேர்க்கப்பட்டுவிடும். ஹெலிகொப்டர் மூலம் கரைக்குக் கொண்டுசெல்ல நேர்ந்தால் தொகை பல்லாயிரம் டொலர்களை எட்டலாம்.

ஆகவே தனியார் பயணக் காப்புறுதி இன்றியமையாதது. குழந்தைக்கு இழுப்பு போன்ற நோய் ஏற்கனவே இருந்தால், பயணத்துக்கு முந்திய குறிப்பிட்ட காலத்தில் மருந்தோ அளவோ மாறியிருக்கக்கூடாது என்ற நிபந்தனையைக் கவனிக்கவேண்டும். பல கோரிக்கைகள் நிராகரிக்கப்படுவது இந்த இடத்தில்தான். சுப்பர் விசாவுக்காக அம்மம்மாவுக்கு எடுத்த காப்புறுதி கனடாவுக்குள் ஏற்படும் அவசர நிலைக்கானது. அது கடலிலும் செல்லுமா என்பதை நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுப் பெறுவது நல்லது.

தடுப்பூசியும் இதனுடன் சேர்ந்ததே. ஒன்ராறியோவில் சின்னமுத்துத் தடுப்பூசியின் முதல் ஊசி முதலாவது பிறந்தநாளுக்குப் பின்னரே வழக்கமாகப் போடப்படுகிறது. பயணம் செல்லும் ஆறு முதல் பதினொரு மாதக் குழந்தைகளுக்கு, மருத்துவரின் ஆலோசனையுடன் அதை முன்கூட்டியே போடமுடியும். அவ்வாறு போட்டாலும் பின்னர் வழக்கமான இரண்டு ஊசிகளும் தேவை. 2025ஆம் ஆண்டு ஒன்ராறியோவில் சின்னமுத்து பெருமளவில் பரவியதை நினைவில் கொண்டால் இதன் முக்கியத்துவம் புரியும்.

கடல் குமட்டல் குறித்துப் பெற்றோர் அதிகம் கவலைப்படுகிறார்கள். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அது அரிதாகவே ஏற்படுகிறது. பெரியவர்கள் எடுத்துக்கொள்ளும் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுப்பது மட்டும் கூடாது.

தண்ணீர்த் தடாகமும் சோறும்

விளம்பரப் படங்களில் குழந்தைகள் நீச்சல் தடாகத்தில் விளையாடுவதைக் காணலாம். டயப்பர் அணியும் குழந்தைக்கு அந்தத் தடாகத்தில் இடமில்லை. நீச்சலுக்கென விற்கப்படும் டயப்பர் அணிந்திருந்தாலும் அனுமதி கிடையாது. அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வரும் கப்பல்களின் சுகாதாரத்தைக் கண்காணிக்கும் அந்நாட்டின் நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் விதி இது. சில கப்பல்களில் மட்டும் கைக்குழந்தைகளுக்கென்று தனி நீர்விளையாட்டுப் பகுதி உண்டு. சிறுவர் மன்றங்களும் பொதுவாக மூன்று வயதிலிருந்தே தொடங்குகின்றன. அதற்குக் குறைந்த வயதினருக்கான பராமரிப்பு அறை சில நிறுவனங்களின் கப்பல்களில் மட்டுமே இருக்கிறது. அதற்கும் மணிக்கணக்கில் கட்டணம். தாய்க்கு ஓய்வு என்ற கணக்கு சற்றுப் பிழைத்துப்போவது இங்கேதான்.

தடாக விதி கடுமையாக இருப்பதற்குக் காரணம் வாந்தியையும் வயிற்றோட்டத்தையும் ஏற்படுத்தும் நோரோ வைரஸ் போன்ற கிருமிகள். பயணிகளிலோ பணியாளர்களிலோ மூன்று சதவீதத்தினருக்கு வயிற்றுநோய் கண்டால் அம்மையம் அதைப் பகிரங்கமாக அறிவிக்கிறது. கைகளுக்குப் பூசும் மதுசாரத் திரவம் இந்த வைரஸுக்கு எதிராக அவ்வளவு பயன் தராது. சவர்க்காரமும் தண்ணீரும்தான் நம்பகமானவை. எதையும் வாயில் வைக்கும் வயதில் உள்ள குழந்தைக்கு நீரிழப்பு விரைவாக ஏற்படும். இலங்கையில் ஜீவனி என்ற பெயரில் அறியப்பட்ட உப்பு-சர்க்கரைக் கரைசல் பொதிகள் சிலவற்றைப் பெட்டியில் வைத்துக்கொள்வது நல்லது.

பருப்பும் சோறும் தவிர வேறெதையும் விழுங்காத பிள்ளைக்காக றைஸ் குக்கரை எடுத்துச்செல்ல நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: சூடாக்கும் மின்சாதனங்கள் எல்லாம் ஏறும் இடத்திலேயே பறிமுதல் செய்யப்படும். வீட்டில் சமைத்த உணவுக்கும் அனுமதியில்லை. முத்திரை உடைக்கப்படாத குழந்தை உணவையும் பால்மாவையும் கொண்டுசெல்லலாம். சோறு கப்பலிலேயே தாராளமாகக் கிடைக்கும்.

பல்கனி

ரொறன்ரோவின் உயர்மாடிகளில் குழந்தை வளர்ப்பவர்களுக்கு ஜன்னல் ஆபத்து புதிதல்ல. அடுக்குமாடிக் குடியிருப்புகளின் ஜன்னல்கள் 100 மில்லிமீற்றருக்கு மேல் திறக்காதபடி தடுப்புப் பொருத்தவேண்டும் என்று நகரசபை விதி கூறுகிறது. அந்த விதி கப்பலைத் தொடராது. அமெரிக்காவில் 2010இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, தளங்களின் கைபிடிக் கம்பிகள் குறைந்தது 42 அங்குல உயரம், அதாவது சுமார் 107 சென்ரிமீற்றர் இருக்கவேண்டும். இரண்டு வயதுக் குழந்தையின் உயரம் ஏறத்தாழ 85 சென்ரிமீற்றர். கம்பி போதிய உயரந்தான். ஆனால் பல்கனியில் இரண்டு நாற்காலிகளும் ஒரு சிறு மேசையும் போடப்பட்டிருக்கின்றன. நாற்காலி குழந்தைக்கு ஏணி.

2019 ஜூலை மாதத்தில், போட்டோ ரிக்கோவின் சான் ஹுவான் துறைமுகத்தில் நின்ற கப்பல் ஒன்றின் திறந்த ஜன்னலில் இருந்து, பதினெட்டு மாதப் பெண்குழந்தை ஒன்று பாட்டனாரின் கையிலிருந்து தவறி விழுந்து உயிரிழந்தது. குற்றத்தை ஒப்புக்கொண்ட பாட்டனாருக்கு நன்னடத்தைக் கண்காணிப்புத் தண்டனை விதிக்கப்பட்டது. அன்புடன் தூக்கி வைத்திருந்த கைகளே அவை. நடைபழகும் குழந்தையுடன் செல்பவர்கள் பல்கனி அறைக்காகச் செலவிடும் பணத்தை மிச்சப்படுத்தி, உள்ளறை ஒன்றைத் தெரிவுசெய்வதே மேல் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. இருட்டான அறையில் பகல் தூக்கமும் எளிது.

உயிர்காப்பு அங்கிகளைப் பொறுத்தவரை சர்வதேச விதி தெளிவாக இருக்கிறது. 24 மணி நேரமோ அதற்கு மேலோ நீடிக்கும் பயணங்களில், கப்பலில் உள்ள ஒவ்வொரு கைக்குழந்தைக்கும் அதற்குரிய அளவில் ஓர் அங்கி இருக்கவேண்டும். பதினைந்து கிலோகிராமுக்குக் குறைந்த எடையுள்ளவர்களுக்கான அளவு அது. இரண்டு வயதுப் பிள்ளைகளில் பெரும்பாலானோர் இதற்குள் அடங்குவர். ஏறிய அன்றே அறைப் பணியாளரிடம் அதைக் கேட்டு வாங்கி, ஒருமுறை அணிவித்துப் பார்க்கலாம்.

ஏதேனும் நேர்ந்தால் ரொறன்ரோ நீதிமன்றத்தை நாடலாம் என்று எண்ணுவோர் பயணச்சீட்டின் பின்னாலுள்ள ஒப்பந்தத்தைப் படிக்கவேண்டும். கப்பல்களில் பல பஹாமாஸ், பனாமா போன்ற நாடுகளின் கொடியின் கீழ் ஓடுகின்றன. மயாமியில் இயங்கும் நிறுவனங்களின் ஒப்பந்தங்கள், வழக்குகளை அந்நகர நீதிமன்றத்திலேயே, அதுவும் பொதுவாக ஓராண்டுக்குள், தொடரவேண்டும் என்று விதிக்கின்றன.

இந்த ஏற்பாடுகளில் அதிக காலம் எடுப்பது அம்மம்மாவின் அமெரிக்க விசாவாகவே இருக்கும். நேர்முகத்துக்கான நாள் கிடைப்பதற்கே சில வேளைகளில் பல மாதங்கள் செல்கின்றன. விசா கைக்கு வந்த பின்னர், முற்பணம் செலுத்தும் அன்றே காப்புறுதியையும் எடுத்துவிட்டால், இடையில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்து பயணத்தைக் கைவிட நேர்ந்தாலும் பணத்தைத் திரும்பப் பெறுவதற்கு வழியிருக்கும்.