ரோட்டைக் கடந்தாலே ஃபைன்! அமெரிக்காவில் கறுப்பினத்தவர் நடப்பது ஏன் இவ்வளவு ரிஸ்க்?

சிக்னல் இல்லாத ஒரு கிராஸிங். நீங்கள் ரோட்டைக் கடக்க நிற்கிறீர்கள். கார் நிற்குமா, நிற்காதா? இதில் தோலின் நிறத்துக்கு என்ன வேலை என்று தோணலாம். அமெரிக்காவின் போர்ட்லேண்ட் நகரில் இதை நேரடியாகவே சோதித்துப் பார்த்தார்கள். 3 கறுப்பின ஆண்கள், 3 வெள்ளையின ஆண்கள், எல்லோருக்கும் ஒரே மாதிரி டிரஸ், ஒரே கிராஸிங். கறுப்பினத்தவருக்கு வழிவிடாமல் போன கார்கள் இரண்டு மடங்கு. அவர்கள் காத்திருந்த நேரமும் 32% அதிகம். 2015-ல் வெளியான ஆய்வு இது.

வெறும் 6 பேரை வைத்து ஒரு முடிவுக்கு வரலாமா? நியாயமான கேள்விதான். பெரிய கணக்கையும் பார்த்துடலாம். 2022-ல் ஹார்வர்டு, பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நாடு முழுக்க நடந்த சாலை மரணங்களை, மக்கள் கடக்கும் தூரத்தோடு ஒப்பிட்டார்கள். ஒரே தூரம் நடந்தால், வெள்ளையினத்தவரைவிட கறுப்பினத்தவர் இறக்கும் விகிதம் 2 மடங்குக்கும் மேல். சைக்கிளில் போனால்? சுமார் நாலரை மடங்கு!

டிரைவர்களை மட்டும் திட்டினால் போதாது. ரோடே அப்படித்தான் போடப்பட்டிருக்கு. 1930-களில் அரசு அமைப்பு ஒன்று தயாரித்த வரைபடங்களில் கறுப்பினத்தவர் வாழும் பகுதிகள் சிவப்பு நிறத்தில் குறிக்கப்பட்டன. அர்த்தம், ‘இங்கே கடன் கொடுப்பது ஆபத்து’. அதன்பிறகு வந்த நெடுஞ்சாலைகள் மயாமியின் ஓவர்டவுன், செயின்ட் பாலின் ரோண்டோ மாதிரியான கறுப்பினக் குடியிருப்புகளை இரண்டாகப் பிளந்துகொண்டு போயின. அகலமான, வேகமான ரோடு வந்தது. நடைபாதையும் கிராஸிங்கும் பல இடங்களில் வரவே இல்லை.

கிராஸிங் ரொம்ப தூரத்தில் இருந்தால் ஜனங்கள் என்ன செய்வார்கள்? நடுவிலேயே கடப்பார்கள். அதுதான் ‘ஜேவாக்கிங்’ குற்றம். (‘ஜே’ என்றால் அந்தக் காலத்து அமெரிக்க ஸ்லாங்கில் பட்டிக்காட்டான். கார் கம்பெனிகள் 1920-களில் ஊர் ஊராகப் பரப்பிய வார்த்தை.) இதற்கு யார் மாட்டுகிறார்கள்? ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில்லில் கறுப்பினத்தவர் மக்கள்தொகையில் 29%. பாதசாரிகளுக்கு எழுதப்பட்ட அபராதச் சீட்டுகளிலோ 55%. 2017-ல் புரோபப்ளிகாவும் ஃபுளோரிடா டைம்ஸ்-யூனியனும் சேர்ந்து வெளியிட்ட கணக்கு இது. அபராதம் பெரும்பாலும் 65 டாலர். கட்டாவிட்டால் டிரைவிங் லைசென்ஸே போகலாம். அதே மாநிலத்தின் டாம்பாவில் சைக்கிளுக்கும் இதே கதை. அபராதம் வாங்கிய 10 பேரில் 8 பேர் கறுப்பினத்தவர் என்று 2015-ல் டாம்பா பே டைம்ஸ் எழுதியது.

இப்போது சட்டங்கள் மெல்ல மாறுகின்றன. கலிஃபோர்னியாவில் 2023 ஜனவரி 1 முதல், உடனடி விபத்து ஆபத்து இருந்தால் தவிர ஜேவாக்கிங்குக்கு போலீஸ் நிறுத்த முடியாது. நியூயார்க் நகரம் 2024-ல் அந்தக் குற்றத்தையே நீக்கியது. அதற்கு முந்தைய ஆண்டு அங்கே டிக்கெட் வாங்கியவர்களில் 90%-க்கும் மேல் கறுப்பினத்தவரும் லத்தீன் இனத்தவரும்தான்.

சியாட்டில் அடங்கிய கிங் கவுன்ட்டி 2022-ல் எடுத்த முடிவுதான் கொஞ்சம் நெருடும். சைக்கிள் ஹெல்மெட் கட்டாயச் சட்டத்தையே ரத்து செய்தார்கள். உயிர் காக்கும் ஹெல்மெட்டுக்கு எதிராகவா? இல்லை. ஹெல்மெட் போடச்சொல்லி இன்னமும் வலியுறுத்துகிறார்கள். ஹெல்மெட்டைச் சாக்காக வைத்து போலீஸ் யாரை நிறுத்துகிறது என்பதில்தான் பிரச்னை.

அபராதம் போனாலும் ரோடு அப்படியேதான் இருக்கு. 2022-ல் மட்டும் அமெரிக்காவில் இறந்த பாதசாரிகள் 7,500-க்கும் மேல். 1981-க்குப் பிறகு இதுதான் உச்சம்.