விமானமில்லா விமானந்தாங்கி

மட்டக்களப்புக் கடலின் அடியிற் கிடக்கும் 'ஹேர்மிஸ்' என்னும் பிரித்தானியப் போர்க்கப்பலின் உருவை என் மேசைமேல் வைத்துப் பார்க்க வேண்டுமென்ற ஆசை எனக்கு நெடுநாளாக இருந்தது. நன்னூல் படிப்பிக்கும் பண்டிதருக்குப் பிளாஸ்ரிக் கப்பல் எதற்கு என்று நண்பர்கள் நகைப்பர், நகைக்கட்டும். வெளிநாட்டிலிருந்து வந்த மருமகன் அதன் உறுப்புக்கள் அடங்கிய பெட்டியைக் கொணர்ந்து தந்தான்.

பெட்டி யப்பானிலே செய்யப்பட்டது. கப்பலை மூழ்கடித்த நாட்டவரே அதனை உறுப்பு உறுப்பாகத் திருப்பித் தருகின்றனர்! நீர்மட்டத்துக்கு மேற்பட்ட பகுதியை மட்டும், 700 இல் ஒரு பங்காக அமைக்கும் வரிசையைச் சிசுவோகா நகர நிறுவனங்கள் 1971 இல் தொடங்கின. அவ்வளவையில் ஏறத்தாழ 183 மீற்றர் நீளமான கப்பல் 26 சதமமீற்றராகிவிடும். ஒரு சாணுக்குச் சற்றே மிகும். மாலுமி ஒருவன் எள்ளளவினன்.

உறுப்புக்களைச் சட்டத்திலிருந்து முறித்தெடுத்தல் கூடாது. கூரிய கத்தியால் அரிந்து, காம்பிருந்த தழும்பை அரத்தாளால் தேய்த்தல் வேண்டும். இன்றேல் வர்ணம் காய்ந்ததும் அத்தழும்பே முன்னே தெரியும். தடித்த பூச்சு நுண்ணிய கோடுகளை விழுங்கிவிடுமாதலின், நீர்த்த பூச்சு இரண்டு மூன்று வேண்டும். ஒன்று நன்கு உலர்ந்த பின்னரே மற்றது. எமது மாரிகாலத்தில் இதற்குப் பெரும் பொறுமை வேண்டும். கொடிமரத்துக் கம்பிகளுக்காக, எஞ்சிய சட்டத் துண்டொன்றை மெழுகுவர்த்திச் சுடரின்மேற் பிடித்து, இளகியதும் இரு கையாலும் இழுத்தேன். மயிரிழைபோல நீண்டது. எத்தனை தரம் செய்தாலும் இந்த வியப்பு எனக்கு அடங்குவதில்லை.

தளத்தில் நிறுத்துதற்குச் 'சோட்பிஷ்' விமானங்கள் நான்கினைச் செய்தேன். ஈரடுக்கு இறகுகள், அகலம் 2 சதமமீற்றர். சாவணத்தாற் பிடித்து ஒட்ட மூன்று இரவுகள் சென்றன. பீடத்தில் '9-4-1942' என்று எழுதினேன். பின்னர் அந்நாளின் வரலாற்றை மீண்டும் படித்தபோதுதான் திடுக்கிட்டேன்.

யப்பானியர் தாக்க வருகின்றனர் என்றறிந்து கப்பல் முதனாளிரவு திருகோணமலையை விட்டு நீங்கியது. அதன் விமானங்களோ சீனன்குடாவிற் கரையில் நின்றுவிட்டன. மறுநாட் காலை மட்டக்களப்புக்கு அப்பாற் பகைவரின் குண்டுவீச்சு விமானங்கள் சூழ்ந்தபோது, விமானந்தாங்கியாகவே திட்டமிட்டுக் கட்டத் தொடங்கப்பெற்ற உலகின் முதற் கப்பலிடம் ஏவுதற்கு ஒரு விமானமேனும் இல்லை. அரைமணி ஆகுமுன் அது மூழ்கிற்று. 307 பேர் மாண்டனர். உதவிக்கு வந்த விமானங்கள் அதன் பின்னரே அவ்விடம் சேர்ந்தன.

பீடத்து நாளை அழித்துவிட்டால் விமானங்கள் நிற்கலாம்; முந்திய ஆண்டில் ஓடிய கப்பல் என்று சொல்லிவிடலாம். இரண்டு நாள் அதையே எண்ணிக்கொண்டிருந்தேன். ஏட்டிற் கண்ட பாடம் சுவையற்றதென்று தாமே ஒரு சொல்லைச் செருகும் பதிப்பாசிரியரை வகுப்பிலே எத்தனை முறை கடிந்திருக்கிறேன்! கத்தி நுனியால் நான்கையும் பெயர்த்தேன். பசை தின்ற இடங்களைத் தேய்த்து, தளம் முழுவதற்கும் மீண்டும் வர்ணம் பூசினேன்.

"விமானந்தாங்கி என்கிறீர்கள், விமானத்தைக் காணவில்லையே?" என்றாள் மனைவி. வீட்டுக்கு வரும் மாணவரும் முதலில் அதைத்தான் கேட்கின்றனர். விமானங்கள் கப்பலுக்குச் சற்று அப்பால் ஒரு தீப்பெட்டிக்குள் இருக்கின்றன. அதன்மேற் 'சீனன்குடா' என்று எழுதி ஒட்டியிருக்கிறேன்.