மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள்

பல்லில் கறுப்பு தெரிந்தால்தான் சொத்தை என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது வெள்ளையாகத்தான் தொடங்குகிறது. குழந்தையின் மேல் முன்பற்களில், ஈறை ஒட்டி, சுண்ணாம்பு தீற்றியதுபோல் பளபளப்பில்லாத ஒரு கோடு தெரியும். எனாமலிலிருந்து தாதுச்சத்து கரையத் தொடங்கிவிட்டது என்று பொருள். இந்தக் கட்டத்தில் ஃபுளோரைடு பூச்சும், ஒழுங்காகப் பல் துலக்குவதும், இனிப்பைக் குறைப்பதுமே பெரும்பாலும் போதும். குழி விழுந்துவிட்டால் பல் தானாக மூடிக்கொள்ளாது. பால் பல்லின் எனாமல் நிலைப்பல்லினுடையதில் ஏறக்குறைய பாதிக் கனம்தான். அதனால் சொத்தை சீக்கிரமே உள்ளே இறங்கிவிடும்.

வீட்டிலேயே பார்க்கலாம். குழந்தையின் தலை உங்கள் மடியில் இருக்கும்படி படுக்க வைத்து, ஈரத்துணியால் பல்லில் படிந்த அழுக்கைத் துடையுங்கள். பிறகு மேலுதட்டைத் தூக்கி, நல்ல வெளிச்சத்தில் பற்களின் முன்புறம், பின்புறம் இரண்டையும் பாருங்கள். மாதம் ஒருமுறை பார்த்தால் நல்லது. கீழ் முன்பற்கள் நன்றாக இருக்கின்றனவே என்று நிம்மதி அடைந்துவிட வேண்டாம். அவற்றை நாக்கும் உமிழ்நீரும் காக்கின்றன. பால் புட்டியை வாயில் வைத்தபடியே தூங்கும் குழந்தைக்கு மேல் பற்கள்தான் முதலில் கெடும்.

பல் மருத்துவர் காற்றடித்துப் பல்லை உலர்த்திப் பார்ப்பார். உலர்ந்த பிறகே வெள்ளை தெரிந்தால் பாதிப்பு ஆரம்ப நிலையில் இருக்கிறது. ஈரமாக இருக்கும்போதே தெரிந்தால் இன்னும் ஆழத்துக்குப் போயிருக்கிறது. கூர்முனைக் கம்பியால் அழுத்திக் குத்திப் பார்க்கும் பழைய வழக்கம் இப்போது ஏற்கப்படுவதில்லை. தேறக்கூடிய இடத்தை அந்தக் கம்பியே உடைத்துவிடலாம்.

கடைவாய்ப் பற்கள் ஒன்றோடொன்று நெருங்கி நின்றால் இடுக்கில் இருக்கும் சொத்தை கண்ணுக்குத் தெரியாது. அதற்குத்தான் சிறிய பிலிமைக் கடிக்க வைத்து எடுக்கும் எக்ஸ்ரே. கதிர்வீச்சு மிகக் குறைவு என்றாலும், எல்லாக் குழந்தைக்கும் வழக்கமாக எடுக்கத் தேவையில்லை. பல்லில் ஒளி பாய்ச்சிப் பார்க்கும் கருவிகளும், லேசர் கருவிகளும் உண்டு. லேசர் கருவி வெறும் கறையைக்கூடச் சொத்தை என்று காட்டிவிடும். அது காட்டும் எண்ணை மட்டும் நம்பிப் பல்லைக் குடையச் சம்மதிக்காதீர்கள்.

முதல் பிறந்தநாளுக்குள் ஒருமுறை பல் மருத்துவரிடம் காட்டுவது நல்லது. விழப்போகிற பல்தானே என்று விட்டுவிடாதீர்கள். பால் கடைவாய்ப் பற்கள் 10 முதல் 12 வயது வரை இருக்க வேண்டியவை. 6 வயதில் அவற்றுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே ஒரு புதுப் பல் முளைக்கும். அது நிலைப்பல், அதையும் சேர்த்துப் பாருங்கள்.