இரண்டு பைலட்டும் மீன் சாப்பிட்டால்..? டொராண்டோவின் திகில் பட்டறை தெரியுமா?

விமானத்தில் கொண்டுவந்து வைக்கிற சாப்பாட்டுத் தட்டிலிருந்து ஒரு திகில் கதை பிறந்து, நாடகமாக, சினிமாவாக, நாவலாக உலகம் சுற்றியது தெரியுமா? பிறந்த ஊர் ஹாலிவுட் இல்லை, லண்டனும் இல்லை. நம் ஆட்கள் ஸ்கார்பரோ கடைகளில் கொத்து ரொட்டிக்கு வரிசையில் நிற்கிற அதே டொராண்டோ!

ஆர்தர் ஹெய்லி. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையில் பைலட்டாக இருந்தவர். 1947-ல் கனடாவுக்குக் குடிபெயர்ந்து, டொராண்டோவில் பஸ், லாரி தொழிலுக்காக நடந்த ஒரு பத்திரிகையில் வேலை பார்த்தார். ஐம்பதுகளின் நடுவில் ஒருநாள், கனடாவின் குறுக்கே நீண்ட விமானப் பயணம். பொழுது போகவில்லை. சும்மா உட்கார்ந்திருந்த மனுஷனுக்கு விபரீதமாக ஒரு யோசனை. இப்போது இரண்டு பைலட்டும் ஒரே சமயத்தில் சுருண்டு விழுந்தால்? ஓட்டத் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான் என்று வைத்துக்கொள்வோம். தொட்டே பல வருஷமாகிவிட்டது. இதைத் தரையிறக்க என்னால் முடியுமா?

அவ்வளவுதான், கதை கிடைத்துவிட்டது! 'ஃப்ளைட் இன்டு டேஞ்சர்' என்ற அந்த நாடகம் 1956 ஏப்ரல் 3 அன்று சிபிசி தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. அதுவும் நேரலையில்! நடிகர் வசனத்தை மறந்தால் மறந்ததுதான்.

கதை இதுதான். வின்னிபெக்கிலிருந்து வான்கூவருக்குப் போகிற விமானம், உள்ளே கால்பந்து ரசிகர்கள். ராத்திரி சாப்பாட்டுக்கு இறைச்சி வேண்டுமா, மீன் வேண்டுமா என்று கேட்கிறார்கள். மீன் கெட்டுப்போயிருக்கிறது. சாப்பிட்டவர்கள் ஒவ்வொருவராகத் துவண்டு விழுகிறார்கள். இரண்டு பைலட்டும் மீன் சாப்பிட்டவர்கள்! மிச்சமிருக்கிற ஒரே நம்பிக்கை, ஜார்ஜ் ஸ்பென்சர் என்ற பயணி. போரில் ஒற்றை எஞ்சின் சண்டை விமானம் ஓட்டியவர். இது நான்கு எஞ்சின் பயணிகள் விமானம்.

ஹெய்லியின் கெட்டிக்காரத்தனத்தை இங்கேதான் பார்க்க வேண்டும். ஸ்பென்சருக்கு விமானமே ஓட்டத் தெரியாது என்றால் நாம் நம்பிக்கை இழந்து டிவியை அணைத்துவிடுவோம். நன்றாகத் தெரியும் என்றால் பயமே இல்லை. அரைகுறையாகத் தெரிந்தவனைப் பிடித்து அந்த இருக்கையில் உட்கார வைத்தாரே, அதுதான் தொழில்! அதோடு விட்டாரா? தரையிலிருந்து ரேடியோவில் வழிகாட்டுகிறவர், இன்னும் கொஞ்ச நேரம் வானத்திலேயே சுற்றிப் பழகிக்கொள் என்கிறார். உள்ளேயோ ஆட்கள் சாகக் கிடக்கிறார்கள், உடனே ஆஸ்பத்திரி வேண்டும். காத்திருந்தால் நோயாளி போய்விடுவார், அவசரப்பட்டால் எல்லோரும் போய்விடுவார்கள். ஒரு கடிகாரம் ஓடினால் அது பரபரப்பு. எதிரெதிர்த் திசையில் இரண்டு ஓடினால் பார்க்கிறவன் நகத்தைக் கடித்துத் தீர்த்துவிடுவான். துப்பாக்கி இல்லை, வில்லன் இல்லை, ஒரு சொட்டு ரத்தம்கூட இல்லை என்பதைக் கவனித்தீர்களா?

அந்த ஸ்பென்சராக நடித்தவர் யார் தெரியுமா? பின்னாளில் 'ஸ்டார் ட்ரெக்' தொடரில் எஞ்சினியர் ஸ்காட்டியாக வந்த ஜேம்ஸ் டூஹன்! அப்போது சிபிசி நாடகப் பிரிவின் பொறுப்பில் இருந்த டொராண்டோக்காரர் சிட்னி நியூமன், பிறகு லண்டன் போய் 1963-ல் 'டாக்டர் ஹூ' தொடரைத் தொடங்கிவைத்தவர்களில் முக்கியமானவர்!

இன்னும் கேளுங்கள். நாடகம் 1957-ல் 'ஜீரோ ஹவர்' என்று சினிமா ஆனது. 1980-ல் வந்து உலகத்தையே வயிறு குலுங்கச் சிரிக்கவைத்த 'ஏர்பிளேன்' படம் இருக்கிறதே, அது இந்த 'ஜீரோ ஹவர்' உரிமையை முறைப்படி வாங்கி எடுத்த கேலிப் படம். பல இடங்களில் வசனத்தைக்கூட அவர்கள் பெரிதாக மாற்றவில்லை! ஒரு தலைமுறை மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்ட அதே பேச்சுக்கு அடுத்த தலைமுறை விழுந்து விழுந்து சிரித்தது. திகிலுக்கும் சிரிப்புக்கும் நடுவே நூலிழைதான். திகில் எழுத உட்காருகிற எவருக்கும் இதைவிட நல்ல எச்சரிக்கை கிடைக்காது.

ஹெய்லி அந்த டிவி நாடகத்துக்குப் பிறகு நாவலுக்குத் தாவினார். ஒரு நாவலுக்கு ஏறக்குறைய ஒரு வருஷம் தகவல் திரட்டல், ஆறு மாதம் குறிப்புகளை அலசுவது, பிறகு பதினெட்டு மாதம் எழுத்து! 1968-ல் வந்த 'ஏர்போர்ட்' நியூயார்க் டைம்ஸ் பட்டியலில் 30 வாரம் முதலிடத்தில் இருந்தது.

சரி, ஷெர்லக் ஹோம்ஸ் கதையில் டொராண்டோ வருகிறது தெரியுமா? அதுவும் ஒரு பூட்ஸுக்குள்!

1901 ஆகஸ்டில் 'ஸ்ட்ராண்ட்' பத்திரிகையில் தொடராக ஆரம்பித்த 'தி ஹவுண்ட் ஆஃப் தி பாஸ்கர்வில்ஸ்' என்ற பேய் நாய்க் கதை ஞாபகம் இருக்கிறதா? கனடாவிலிருந்து வந்திறங்கிய சர் ஹென்றியின் பூட்ஸ் ஒன்று லண்டன் ஹோட்டலில் காணாமல் போகிறது. ஒற்றைக் கால் பூட்ஸ், புத்தம் புதுசு, ஒரு தடவைகூடப் போட்டதில்லை. இதை எவன் திருடுவான் என்று சிரிக்கிறோம். பிறகு வேறொரு பழைய பூட்ஸ் தொலைகிறது, புதியது மட்டும் திரும்பக் கிடைக்கிறது. ஹோட்டல்காரர்களின் கவனக்குறைவு என்று வாசகன் தாண்டிப் போய்விடுகிறான். ஹோம்ஸ் தாண்டவில்லை. மோப்பம் பிடிக்க நாய்க்கு ஆள் வாசனை வேண்டும். போடாத பூட்ஸில் ஏது வாசனை? அதனால்தான் திருடன் புதியதைத் திருப்பி வைத்துவிட்டுப் பழையதை எடுத்திருக்கிறான்! அப்படியென்றால் நாய் பேயல்ல, நிஜ நாய்! கடைசியில் அந்தப் பழைய பூட்ஸ் சதுப்பு நிலத்தில் கிடைக்கிறது. உள்பக்கத் தோலில் செய்தவர் பெயர் அச்சாகியிருக்கிறது: மேயர்ஸ், டொராண்டோ!

துப்பை ஒளித்துவைக்கவே இல்லை பாருங்கள். நம் கண்ணெதிரே வைத்து, அது வெறும் தமாஷ் என்று நம்பவைத்துவிட்டார் கோனன் டாயில். இருட்டு அறையில் சாவியைப் புதைக்கிற எழுத்தாளர்களைவிட, சிரிக்கவைத்துக்கொண்டே மேஜைமேல் வைத்துவிட்டுப் போகிறவர்தான் என் கணக்கில் பெரிய ஆள்.

டொராண்டோக்காரர்கள் விடுவார்களா? 1972-ல் அவர்கள் தொடங்கிய ஹோம்ஸ் ரசிகர் சங்கத்தின் பெயரே 'பூட்மேக்கர்ஸ் ஆஃப் டொராண்டோ'! தலைவருக்குப் பட்டம், 'மேயர்ஸ்'!

கொஞ்சம் ஜில்லென்ற செய்தி ஒன்று. கனடாவின் குற்றக்கதை எழுத்தாளர்கள் 1982-ல் சங்கம் அமைத்து, 1984-லிருந்து கொடுத்த விருதுக்கு யார் பெயர் வைத்தார்கள் தெரியுமா? ஆர்தர் எல்லிஸ். அது கனடாவின் தூக்குப்போடும் அதிகாரி வைத்துக்கொண்ட புனைபெயர்! விருதுச் சிலையோ, தூக்கில் தொங்கும் மரப்பொம்மை. கயிற்றை இழுத்தால் கையும் காலும் ஆடும்! கனடாவில் கடைசியாகத் தூக்குத் தண்டனை நிறைவேறியதும் டொராண்டோவில்தான். 1962 டிசம்பர் 11, டான் ஜெயிலில், ஒரே சமயத்தில் இரண்டு பேர். அந்தக் கட்டடம் இன்று ஒரு மருத்துவமனையின் அலுவலகம். விருதின் பெயரையும் சில வருஷங்களுக்கு முன் மாற்றிவிட்டார்கள். மாற்றியது சரிதான்.

மில்ஸ் அண்ட் பூன் காதல் புத்தகங்களைப் பாடப்புத்தகத்துக்குள் ஒளித்து வாசித்தவர்கள் நம் ஊரில் ஏராளம். அந்த மில்ஸ் அண்ட் பூனை 1971-ல் வாங்கிய ஹார்லிகுவின் டொராண்டோ கம்பெனி. அதே கம்பெனி 1981-ல் 'கோல்ட் ஈகிள்' என்ற பெயரில் அடிதடி திரில்லர்களும் போட்டது தெரியுமா? நாயகன் மாக் போலன். படைத்தவர் டான் பெண்டில்டன் என்ற அமெரிக்கர். அவரிடம் உரிமையை வாங்கிய பிறகு, வேறு வேறு எழுத்தாளர்கள் வரிசையாக எழுதித் தள்ளினார்கள். அட்டையில் மட்டும் பெண்டில்டன் பெயர்! 'எக்ஸிக்யூஷனர்' என்ற ஒரு வரிசையே நானூறு புத்தகங்களைத் தாண்டியது.

அங்கே அதற்கு ஒரு படையே வேண்டியிருந்தது. இங்கே கோயம்புத்தூரில் உட்கார்ந்து ராஜேஷ்குமார் ஒற்றை ஆளாக ஆயிரத்தைந்நூறு நாவல்களுக்கு மேல் எழுதியிருக்கிறார்! இரண்டு பேர் சேர்ந்து ஒரே பெயரில் எழுதுவதா என்று கேட்டால், நம்மிடம் சுபா இருக்கிறார்கள். பஸ் ஸ்டாண்டு கடையில் கிளிப் போட்டுத் தொங்கிய மாத நாவலை நாம்தான் குறைத்து எடைபோட்டுவிட்டோம்.

லின்வுட் பார்க்லே கதை இன்னும் சுவாரசியம். 'டொராண்டோ ஸ்டார்' நாளிதழில் நகைச்சுவைப் பத்தி எழுதிக்கொண்டிருந்தவர். மாணவனாக இருந்தபோதே, ஒன்டாரியோவில் வளர்ந்து அமெரிக்கத் துப்பறியும் கதையின் ஜாம்பவானாகிவிட்ட ராஸ் மெக்டொனால்டுக்குக் கடிதம் போட்டவர். பெரியவர் பதில் எழுதினார், நேரிலும் சந்தித்தார், ஒருநாள் தன்னையே மிஞ்சி எழுத வேண்டும் என்று வாழ்த்திப் புத்தகத்தில் கையெழுத்தும் போட்டுத் தந்தார்! 2007-ல் பார்க்லேயின் 'நோ டைம் ஃபார் குட்பை' வந்தது. பதினான்கு வயதுப் பெண் காலையில் கண் விழிக்கிறாள். அப்பா, அம்மா, அண்ணன் யாருமே வீட்டில் இல்லை. சண்டை நடந்த அடையாளம் இல்லை, கடிதம் இல்லை. இருபத்தைந்து வருஷமாகிறது, இன்னும் இல்லை! பிணத்தைக் காட்டியிருந்தால் அழுதுவிட்டு ஓய்ந்திருப்போம். வெறும் வீட்டைக் காட்டிவிட்டார்!

கிரிமினல் வக்கீல் ராபர்ட் ரோட்டன்பெர்க் இதைத் தலைகீழாகச் செய்தார். 2009-ல் வந்த 'ஓல்ட் சிட்டி ஹால்' ஆரம்பத்திலேயே, அதிகாலையில் பேப்பர் போட வருகிற இந்தியப் பெரியவர் சிங்கிடம், கையில் ரத்தத்தோடு கதவைத் திறக்கும் ஒரு பிரபல ரேடியோக்காரர், கொன்றது தானே என்று சொல்லிவிடுகிறார். அதற்குப் பிறகு வாயே திறப்பதில்லை! யார் கொன்றது என்ற கேள்வியைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, ஏன் பேச மறுக்கிறான் என்ற கேள்வியில் நாவல் முழுக்க ஓட்டுகிறார். கோர்ட்டில் மௌனத்துக்கு என்ன விலை என்று வக்கீலுக்குத்தானே தெரியும்!

ஒரு கட்டுக்கதையையும் சொல்லிவிடுகிறேன். டொராண்டோவில் செயின்ட் ஜேம்ஸ்-பாண்ட் என்றொரு தேவாலயம் இருந்தது. அதைப் பார்த்துத்தான் இயன் ஃப்ளெமிங் 007-க்குப் பெயர் வைத்தார் என்று ஊரே சொல்லும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஃப்ளெமிங்கே சொன்னது வேறு: மேற்கிந்தியத் தீவுப் பறவைகளைப் பற்றிப் புத்தகம் எழுதிய ஜேம்ஸ் பாண்ட் என்ற பறவையியலாளரின் பெயர் அது!

டொராண்டோ போகிறவர்கள், அங்கேயே இருக்கிறவர்கள், நயாகராவை எத்தனை தடவைதான் பார்ப்பீர்கள்? 789, யங் தெருவில் டொராண்டோ ரெஃபரன்ஸ் நூலகம் இருக்கிறது. அங்கே ஐந்தாவது மாடியில், விக்டோரியா காலத்துப் படிப்பறை மாதிரியே மரச்சுவரும் அலமாரியுமாக கோனன் டாயில் அறை. திறந்திருக்கும் நேரத்தை மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். அனுமதி இலவசம்!