கைபேசியும் கிணற்று மோட்டாரும்

திண்டுக்கல்லிலிருந்து பழனி செல்லும் சாலையிலுள்ள ரெட்டியார்சத்திரம் வட்டாரத்தில் காய்கறிச் சாகுபடி பெரிதும் கிணற்றுப் பாசனத்தையே நம்பியுள்ளது. இந்திய–இஸ்ரேல் கூட்டுறவில் அமைந்த காய்கறி மகத்துவ மையம் இங்கு இருப்பதால், சொட்டுநீர்ப் பாசனமும் நிழல்வலைக் குடிலும் இவ்வட்டாரக் குடியானவர்களுக்குப் புதியனவல்ல. கைபேசியால் மோட்டாரை இயக்கும் கருவியும் இப்பொழுது பல கிணறுகளில் காணப்படுகிறது.

கமலை இறைத்த காலத்தில், நீர் வருவதும் நிற்பதும் இறைப்பவன் கண்முன் நடந்தன. மோட்டார் வந்தபின் இறைக்கும் பாடு ஒழிந்தது. நடக்கும் பாடு ஒழியவில்லை. மும்முனை மின்சாரம் இரவில் வருமாயின், விளக்கேந்தி வரப்பின்மேல் நடந்து சென்று விசையைப் போடவேண்டும். இருளில் பாம்புக்கு அஞ்சாதவர் யார்?

கருவியின் வரலாறு

இத்துன்பத்தைப் போக்க, புனாவைச் சேர்ந்த பொறியாளர் சந்தோஷ் ஓஸ்த்வால் ‘நானோ கணேஷ்’ என்னும் கருவியை உண்டாக்கினார். அது 2009-ல் நோக்கியா கம்பெனி நடத்திய போட்டியில் பரிசு பெற்றது. ஸ்டார்ட்டர் அருகில் பொருத்தப்படும் இத்தகைய கருவியினுள் கைபேசியிலுள்ளது போன்ற சிம் ஒன்று இருக்கும். வீட்டிலிருந்து அனுப்பும் கட்டளையை அது பெற்று மோட்டாரை ஓட்டும்; நிறுத்தும்.

கட்டளை வேறு, காரியம் வேறு

கருவி நன்றாயிருந்தும் செயலி சரியாக அமையாவிடில் நஷ்டம் நேரும். ஒரு குடியானவர் இரவில் பொத்தானை அழுத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். திரையில் பச்சை நிறம் தோன்றுகிறது, அவர் உறங்கிவிடுகிறார். கிணற்றிலோ ஒரு முனையில் மின்சாரம் இல்லை, மோட்டார் ஓடவேயில்லை. காலையில் பூத்த தக்காளிச் செடிகள் வாடி நிற்கும். பச்சை நிறம் காட்டியது அவர் இட்ட கட்டளையை. கிணற்றில் நடந்த காரியத்தை அன்று.

ஆகவே, நல்ல செயலி மூன்று நிலைகளைத் தனித்தனியே தெரிவிக்கவேண்டும்: ‘கட்டளை சென்றது’, ‘மோட்டார் ஓடுகிறது’, ‘பதில் இல்லை’. மோட்டாரில் பாயும் மின்னோட்டத்தை அளந்து அறிந்த பின்னரே இரண்டாவதைச் சொல்லவேண்டும். தொடர்பு அறுந்தால், கடைசிச் செய்தி எத்தனை மணிக்கு வந்தது என்று காட்டவேண்டும்.

முதல் திரையில் மின்சாரம் உண்டா, மோட்டார் ஓடுகிறதா, எவ்வளவு நேரமாக என்னும் மூன்று செய்திகளே போதும். எழுத்து, உச்சிவெயிலிலும் தெரியுமளவு பெரிதாகவும் தமிழிலும் இருக்கவேண்டும். படிக்க இயலாதவர்க்குக் குரலாலும் அறிவித்தல் நலம். பங்காளிகளின் கூட்டுக் கிணறாயின், யார் எப்பொழுது ஓட்டினார் என்ற கணக்கும் இருந்தால் முறைத் தகராறு குறையும்.

உயிர்ச்சேதம் நேராதிருக்க

ஒருவர் கிணற்றில் இறங்கிப் பழுது பார்க்கையில், மற்றொருவர் வீட்டிலிருந்து விசையைப் போட்டுவிடலாம். கைபேசியில் நிறுத்தினால் போதும் என்று எண்ணுதல் பெருந்தவறு. கிணற்றடியிலுள்ள மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டி, சாவியை மடியில் வைத்துக்கொண்ட பின்னரே இறங்கவேண்டும்.

வாங்குமுன் கவனிக்கவேண்டியவை

1. கருவியின் சிம்மை விற்பனையாளரைக் கொண்டு எடுக்கச் செய்து, பொத்தானை அழுத்திப் பார்க்க. அப்பொழுதும் ‘ஓடுகிறது’ என்று காட்டும் செயலியை நம்பலாகாது.

2. நேரம் குறித்து ஓட்டினால், கைபேசி அணைந்துபோனாலும் குறித்த நேரத்தில் மோட்டார் நிற்கவேண்டும். நேரக்கணக்கு கருவியினுள்ளேயே இருத்தல் அவசியம்.

3. கிணறு வற்றினாலும், ஒரு முனை மின்சாரம் அற்றாலும் மோட்டார் தானே நிற்கவேண்டும். காரணமும் திரையில் தெரியவேண்டும்.

இக்கருவிக்கு மானியம் பெறும் வழியை வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் விசாரித்து அறியலாம்.

கைபேசி இரவு நடையைக் குறைக்கும். மண்ணின் ஈரத்தை விரலால் தொட்டுப் பார்க்கும் வேலையைக் குறைக்காது. விசை எளிதானதென்று நீரை மிகுதியாய் இறைப்பவரின் கிணறு கோடையில் அவரைக் கைவிடும். பயிருக்கு வேண்டுமளவே ஓட்டி, பகலில் ஒருமுறை வயலையும் நேரில் கண்டுவருதலே நன்று.