தராசைக் கேளாத கணக்கு

காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில், நாலைந்து தறிக்காரர்களுக்குப் பட்டும் சரிகையும் கொடுத்துப் புடவை நெய்து வாங்கும் சிறு முதலாளி ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தந்தையார் காலத்தில் பேரேட்டில் ஏறிய இருப்புக் கணக்கை அவருடைய மகன் இப்பொழுது கைப்பேசியிலுள்ள செயற்கை நுண்ணறிவு உதவியாளரிடம் ஒப்படைத்துவிட்டான். ‘சரிகை இன்னும் எத்தனை மார்க் இருக்கிறது?’ என்று கேட்டால் அது பிழையில்லாத தமிழில் பதில் சொல்கிறது. ஆடியில் சுணங்கி ஆவணி முகூர்த்தங்களோடு எழுகின்ற வியாபாரத்துக்குக் கர்நாடகத்துக் கோரா பட்டையும் சூரத்துச் சரிகையையும் எப்பொழுது வரவழைப்பது என்றும் நினைவூட்டுகிறது. தங்கமும் வெள்ளியும் ஏறினால் சரிகையும் உடன் ஏறுகின்ற தொழிலில் இஃது அற்பமான சகாயமன்று.

ஒருநாள் அதே உதவியாளர், இன்ன தறிக்காரர் கணக்கில் கிலோவுக்கு 250 கிராம் பட்டுக் குறைவு என்று அறிவிக்கிறது. அவருடைய பாஸ் புத்தகத்தில் அதன் விலை பற்றாக ஏறுகிறது. அடுத்த கூலியில் பிடித்தமும் ஆகிறது.

உண்மையில் அந்தப் பட்டை எவரும் எடுக்கவில்லை. கோரா பட்டின் மேலே இயற்கையாகப் படிந்திருக்கும் பசையை, சோப்பும் சோடாவும் இட்ட கொதிநீரில் வேகவைத்து நீக்கிய பின்னரே சாயம் ஏற்றுவார்கள். அந்தப் பசையோடு எடையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு போய்விடும் என்பது சாயப்பட்டறையில் எடுபிடி வேலை செய்கிற பையனுக்கும் தெரிந்த விஷயம். கோரா எடையை அப்படியே தறிக்காரர் பெயரில் எழுதிவிட்டு, திரும்பிய புடவையின் எடையைக் கழித்தால், களவு போகாத பட்டுக்குக் கள்வன் ஒருவன் அகப்பட்டே தீருவான். இது போதாதென்று, பட்டு காற்றின் ஈரத்தையும் குடிக்கும். உலர்ந்த எடையில் நூற்றுக்கு 11 பங்கு ஈரத்தை வாணிகமே இயல்பானதென்று ஒப்புக்கொண்டிருக்கிறது. ஐப்பசி மழையில் நிறுத்துக் கொடுத்த சிட்டம் சித்திரை வெயிலில் அதே எடை காட்டாது. அறுந்த இழை, தறியில் மிஞ்சிய பாவு ஆகிய சேதாரங்கள் வேறு. மார்க் என்றால் ஏறத்தாழ 240 கிராம் சரிகை என்பதைக்கூட யாரேனும் சொல்லியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த உதவியாளர் பரீட்சை மார்க்கென்று எடுத்துக்கொண்டாலும் ஆச்சரியமில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லாமல், ஊகத்தையே தீர்மானம்போல எழுதிவிடுகிற சுபாவமும் இவ்வகை உதவியாளர்களுக்கு உண்டு.

யந்திரம் காட்டிய குறைவை நம்பி மனிதரைத் தண்டித்தால் என்ன நேரும் என்பதற்குப் பிரிட்டிஷ் தபால் துறையின் சரித்திரமே சாட்சி. அங்கே 1999-ல் புகுத்தப்பட்ட ‘ஹொரைசன்’ என்னும் கணினிக் கணக்கு, இல்லாத பற்றாக்குறைகளைக் காட்டிற்று. கிளைத் தபாலகங்களை நடத்தியவர்கள் கைப்பொருளைப் போட்டு ஈடு செய்தார்கள். 900-க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகளென்று தீர்ப்புப் பெற்றார்கள், சிலர் சிறைக்கும் போனார்கள். முறையிட்ட பலருக்கு, ‘உங்களுக்கு மட்டுந்தான் இந்தக் கோளாறு’ என்றே மறுமொழி கிடைத்தது. அந்தக் கணக்கு நம்பத்தக்கதன்று என்று 2019-ல் லண்டன் உயர்நீதிமன்றம் கண்டது. தண்டனைகளைத் துடைத்தெறிய 2024-ல் பார்லிமெண்டு தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று.

நம் நாட்டில் தறிக்காரருக்குச் சில பாதுகாப்புகள் உண்டு. 2024 ஜூலை 1 முதல் அமலிலிருக்கும் பாரதிய சாக்ஷிய சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி, கணினி ஈன்ற கணக்கை நீதிமன்றத்தில் சாட்சியமாக வைக்க, அதனைப் பொறுப்பில் வைத்திருப்பவரும் நிபுணர் ஒருவரும் கையொப்பமிட்ட சான்றிதழ் வேண்டும். கைப்பேசித் திரையைத் தூக்கிக் காட்டினால் போதாது. கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினராக நெய்பவர், சங்கத்தோடு ஏற்படும் கணக்கு வழக்கை 1983-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் 90-ஆம் பிரிவின்கீழ்ப் பதிவாளரின் விசாரணைக்குக் கொண்டுபோகலாம். தனி முதலாளியிடம் நெய்பவர் 15100 என்ற எண்ணில் அழைத்து இலவசச் சட்ட உதவியைப் பற்றி விசாரிக்கலாம். அதற்கான 1987-ஆம் வருஷச் சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பு பாராமலே அவ்வுதவி உரியது.

முதலாளிக்கும் ஆபத்து இல்லாமலில்லை. கட்டணமில்லாத செயலி ஒன்றில் தறிக்காரரின் ஆதார் எண், வங்கிக் கணக்கு, இன்னும் சந்தைக்கு வராத பார்டர் டிசைன் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, அவை எங்கே போய்ச் சேர்ந்தன என்று பிற்பாடு தேடுவதில் பிரயோஜனமில்லை. 2023-ஆம் வருஷத்து டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தம்மைப் பற்றிய விவரங்களைத் தெரிந்துகொள்ளவும் திருத்தவும் அழிக்கச் சொல்லவும் தனிமனிதருக்கு உரிமை தருகிறது. 2025 நவம்பரில் வெளியான விதிகளின்படி அது படிப்படியாகவே நடைமுறைக்கு வருகிறது. டிசைனுக்கோ அந்தச் சட்டத்தில் இடமேயில்லை.

இவையெல்லாம் விவகாரம் முற்றிய பிறகு நாடுகின்ற வழிகள். அதற்கு முன்னதாக, பட்டு வாங்கும்பொழுதே கோரா எடையா, சாயம் ஏற்றிய எடையா என்பதைப் பாஸ் புத்தகத்தில் எழுதச் சொல்லி, புடவையைத் திருப்பித் தரும்போதும் தம் கண்ணெதிரே நிறுக்கச் செய்து, மிஞ்சிய பாவையும் சேதாரத்தையும் ஒரு பையில் கட்டி வைத்திருப்பது தறிக்காரர் கையில் உள்ள காரியம். தராசில் வைக்காமலே குறைவென்று எழுதிய பற்றில் கையெழுத்துக் கேட்டால், ‘எடை பார்க்கப்படவில்லை’ என்று மேலே எழுதி, அதன் கீழே கையெழுத்திடலாம். அதைத் தடுக்க எந்தச் சட்டமும் இல்லை.